பெட்டியில் திணித்த பழைய பேப்பர்

பார்சல் கடைக்காரனுக்கு ஊரார் வீட்டுச் சண்டையெல்லாம் பெட்டி கட்டும்போதே தெரிந்துவிடும். லண்டன் டூட்டிங்கில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கும் என் போன்ற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போற ஆக்கள்

போன வருடம் லேனா என்ற ரஷ்யப் பெண் இரண்டு பீங்கான் கோப்பைகளோடு வந்தாள். அங்கே ஆசிரியையாக இருந்தவள்; உக்ரைன் போர் வேண்டாம் என்று வகுப்பில் சொன்னதற்கு வேலை போய், லண்டன் வந்து சேர்ந்தவள். கோப்பைகள் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு. அவரும் ஆசிரியைதான், ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். ரஷ்யாவுக்கு நேரே அனுப்ப வழியில்லை என்று நான் கையை விரித்தேன். கடையில் வேலை செய்யும் ராசன் அண்ணை விடவில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் அனுப்பிப் பழகியவர் அல்லவா?

"ஆரும் போற ஆக்கள் இருக்கினமோ எண்டு கேளும் தம்பி!"

நாலு பக்கக் கடிதம்

இருந்தார்கள். ஆர்மீனியாவில் லேனாவின் தோழி ஒருத்தி, ரஷ்யாவுக்குப் போய்வருகிறவள்; பெட்டியை அவளுக்கு அனுப்பினால் கொண்டுபோய்க் கொடுப்பாள். பெட்டியோடு வைக்க லேனா நாலு பக்கக் கடிதமும் நீட்டினாள். அம்மா தொலைக்காட்சி சொல்வதை அப்படியே நம்புகிறவர். போரைப் பற்றி மகளோடு சண்டை போட்டுப் போனை வைத்தவர், எட்டு மாதமாக எடுக்கவில்லை. அண்ணை பதறினார். வழியில் யாராவது பிரித்துப் படித்தால் அந்த அம்மாவுக்குத்தானே கரைச்சல்? அந்தக் காலத்தில் நாங்களும் ‘எல்லாரும் சுகம்’ என்பதற்கு மேல் எழுதியதில்லை. லேனா நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு, ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அம்மா’ என்று ஒரு வரி எழுதினாள்.

"அம்மா சின்ன வயதில், சோவியத் காலத்தில், இப்படித்தான் பயந்து எழுதுவாராம். அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்."

மேதாவிகள்

கோப்பை ஆடாமலிருக்க, ரயில் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலப் பேப்பரைக் கசக்கித் திணிப்பது எங்கள் கடை வழக்கம். லேனாவின் பெட்டிக்கு எடுத்ததுபோக மிச்சக் கட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அண்ணையின் கண்ணில் பட்டது. முதல் பக்கம் முழுக்கப் போர்ச் செய்தி! கடிதத்தைக் கிழிக்க வைத்த மேதாவிகள் நாங்கள். லேனா தோழிக்குப் போன் போட்டாள். தோழி பெட்டியை அன்று காலைதான் அம்மாவிடம் கொடுத்திருந்தாள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் லேனா சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அம்மா கசங்கிய பேப்பரையெல்லாம் இஸ்திரி போட்டு, வரி விடாமல் படித்ததை, மறுபடி பார்க்கப் போன தோழி கண்ணால் பார்த்தாளாம். பிறகு அம்மாவே மகளுக்குப் போன் எடுத்திருக்கிறார். பேப்பர் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"கோப்பை உடையவில்லை. அடுத்த பெட்டியையும் அந்தக் கடையிலேயே கட்டச் சொல்."

அன்றிலிருந்து நாங்கள் பேப்பரைக் கசக்குவதில்லை, பக்க வரிசை மாறாமல் மடித்துத்தான் திணிக்கிறோம்.