வீட்டுக்காரம்மா சொல்ல வேண்டும் என்றோம்

சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடுவார்கள். அன்று இருட்டுவதற்குள், லைன் வீட்டில் குடியிருந்த ஒரு பெண் தன் மகளை அடுத்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். பிள்ளை மூன்றாம் வகுப்பு படித்தது. பள்ளிக்கூடப் பையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் முடித்து, சாப்பிட்டு, அங்கேயே தூங்கிவிடும். ஞாயிறு காலையில் தாய் வந்து அழைத்துப் போவாள். ஏன் விடுகிறாய் என்று அடுத்த வீட்டுக்காரி ஒரு முறையும் கேட்டதில்லை. லைன் வீட்டில் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரே நீளக் கூரைக்குக் கீழே ஓர் அறை, ஓர் அறையாகத் தடுத்த வீடுகள். செங்கல் ஒற்றை வரிசையில் எழுப்பிய சுவர். ஒரு வீட்டில் குக்கர் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைக்க எழுவார்கள்.

அடுத்த வீட்டுக்காரி செக்கிங் வேலை பார்ப்பவர். தைத்து வரும் பனியன்களில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் வேலை. தெற்கத்திச் சீமையிலிருந்து கணவரோடு பிழைக்க வந்து, கணவர் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அவரும் நானும் ஒரே குழுவில் இருந்தோம். அந்தப் பிள்ளையை நான் அறிந்தது அப்படித்தான்.

குழந்தைகள் பாதுகாப்பு பற்றியும் குடும்பத்துக்குள் நடக்கும் அடி உதை பற்றியும் அரசுக்கு யோசனை சொல்வதற்காக அமைத்த குழு அது. ஒரு வக்கீல், ஒரு குழந்தை மருத்துவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நீண்ட காலம் நிருபராக இருந்தவன் என்பதற்காக நான், தொழிலாளர் குடியிருப்புகளின் சார்பில் செக்கிங் அம்மா. எங்கள் பெயர்களுக்கு எதிரே நிபுணர் என்று அடித்திருந்தார்கள். கூட்டத்துக்கு வருகிற நாளில் அவருக்கு அரை நாள் சம்பளம் போகும். திரும்பிப் போனால் கம்பெனி சூப்பர்வைசர், “கலெக்டரம்மா வந்துட்டாங்களா? பீஸெல்லாம் உங்க கையெழுத்துக்குத்தானுங்க காத்துக் கெடக்குது” என்பாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார்.

முதல் சில கூட்டங்களில் அவர் பேசவில்லை. மருத்துவர் பேசினார், வக்கீல் பேசினார், நான் குறித்துக்கொண்டேன். குழுவைக் கூட்டுகிற பெண் அதிகாரி நல்லவர். யாரையும் இடைமறிக்க மாட்டார். ஒரு நாள் அவர் செக்கிங் அம்மாவின் பக்கம் திரும்பி, லைன் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

வீட்டுக்காரம்மாவுக்கு, அதாவது வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு என்று இவர் சட்டென்று சொன்னார். பிறகு தன் கதையைச் சொன்னார். கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை அடி தாங்க முடியாமல் இவர் கத்தியிருக்கிறார். முன்பக்கத்து மாடி வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இவர் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, முறத்தில் கொண்டுவந்த அவரைக்காயை நார் உரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் தூங்கிய பிறகு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமையும் நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு கணவரின் கை எழவில்லை. இதைச் செக்கிங் அம்மா குரல் மாறாமல் சொன்னார். டேமேஜ் பீஸை எடுத்து ஒதுக்கி வைப்பது போலத்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் யோசனை பிறந்தது. இந்தப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வருகிற குடும்பங்களில் பாதிக்கு மேல் லைன் வீட்டில்தான் குடியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுதுகிற பழக்கம் இல்லை. முகம் பார்த்து வீடு கொடுப்பார்கள். காம்பவுண்டு கேட்டைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது கேட்டருகே குடியிருக்கும் உரிமையாளருக்குத் தெரியும். ஆகவே வீட்டில் குழந்தையோ பெண்ணோ அடிபடுவது தெரிந்தால் உரிமையாளர் அரசு உதவி மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம் என்றார் செக்கிங் அம்மா. தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். வக்கீல் மட்டும், அதைக் காரணம் காட்டி அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்றும் சேர்க்க வேண்டும் என்றார். இரண்டு வாக்கியமாக நான் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் யோசனைகளில் பெரும்பாலானவை போன இடம் தெரியாது. இது நகர்ந்தது. சில வாரங்களில் ஊழியர்கள் காம்பவுண்டு காம்பவுண்டாகப் போய் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். உரிமையாளரிடம் கையெழுத்தும் செல்போன் எண்ணும் வாங்கினார்கள். செக்கிங் அம்மா தன் கேட்டில் ஒட்டியதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நான் பெரிதாக்கிப் படித்தேன். முதல் வாக்கியம் இருந்தது, காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற இரண்டாவது இல்லை. அதன் இடத்தில், தெரிந்தும் சொல்லாதவர்கள் பொறுப்பாவார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு தேடி வருகிறவர்களிடம் உரிமையாளர்கள் புதிதாக ஒன்று கேட்கத் தொடங்கினார்கள். ஊட்டுல சண்டை சச்சரவு உண்டுங்களா என்பது அந்தக் கேள்வி. எல்லோரும், இல்லைங்க என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை அந்தத் தாய்க்கு வேலை இழுத்துவிட்டது. ஏற்றுமதிச் சரக்கு லாரிக்கு ஏற வேண்டும் என்று ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தகப்பன் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் கம்பெனி மெஷினில் பனியன் தைக்கும் பவர் டேபிள் டெய்லர், நல்ல வேலைக்காரன். குடிக்காத நேரத்தில் யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். அன்று பிள்ளை அடுத்த வீட்டுக்கு வரவில்லை. செக்கிங் அம்மா போய்க் கதவைத் தட்டியபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அடி விழும் சத்தம் லைன் முழுக்கக் கேட்டது. நாற்காலி வரும் என்று இவர் கேட்டைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். மாடியில் விளக்கு எரிந்தது. யாரும் இறங்கவில்லை.

மறுநாள் பிள்ளையின் மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது. மத்தியானம் வீட்டுக்காரம்மா புருஷன் பெண்டாட்டி இருவரையும் கேட்டருகே கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உதவி மையத்துக்குச் சொல்லவில்லை.

செக்கிங் அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். வீட்டுக்காரம்மா என்னை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். இவர்தான் அவரைக்காய் உரித்த அம்மா என்பது எனக்கு நினைவிருந்தது. அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்களே, இப்போது ஏன் காலி செய்யச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அன்னைக்கு நான் உக்காந்தது எனக்கும் செக்கிங் பாக்கற அந்தக் கண்ணுக்கும் மட்டும் தெரியுமுங்க. இப்ப என்ர கையெழுத்து அவுங்ககிட்ட இருக்குது. எனக்குத் தெரியுமுன்னு எழுதி வாங்கிட்டாங்க. சொல்லாட்டி நான் குத்தவாளி. சொன்னா என்ர வாசல்ல போலீஸ் ஜீப்பு. பையனுக்குக் கணியூர்ல பொண்ணு பாத்திருக்கறமுங்க. அவுங்க வந்து அக்கம்பக்கத்துல விசாரிக்காம இருப்பாங்களா?” என்றார். மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “ரெண்டுமில்லாம மூணாவதா ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க சாமி, செய்யறேன்” என்றார்.

ஜீப் வராது, சீருடை இல்லாத ஊழியர்தான் வருவார் என்று சொன்னேன். அதற்கு அவர், அவங்க கையில் ஃபைல் இருக்குமல்லவா என்று கேட்டார்.

அதிகாரியைப் பார்க்கப் போனோம். செக்கிங் அம்மா லீவு போட்டு வந்திருந்தார். அதிகாரி முழுவதும் கேட்டார். நடுவில் வந்த போனைக்கூட எடுக்கவில்லை. எங்கள் குழு தனிப்பட்ட புகார்களை எடுப்பதில்லை, இருந்தாலும் ஊழியரை அனுப்புகிறேன் என்றார். அனுப்பவும் செய்தார். ஊழியர் வந்தபோது கணவன் வேலையில் இருந்தான். தாய் கதவோரம் நின்று, பிள்ளை குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டது என்றாள். பிள்ளையும் அதையே சொன்னது. காலி செய்கிற வீட்டில், போகிற இடம் தெரியாமல் நிற்கிறவள் வேறு என்ன சொல்வாள்? ஊழியர் எழுதிக்கொண்டு போனார். எழுதியது சரிதான். அவரிடம் சொன்னது அதுதான்.

விடுபட்ட இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி அதிகாரியிடம் கேட்டேன். வாடகை விஷயம் வேறு துறை, அங்கே கருத்துக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வந்ததும் சேர்த்துவிடுவோம் என்றார். அதுவரை முதல் வாக்கியத்தையாவது நிறுத்திவைக்கலாமே என்றேன். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார்:

“நீங்க சொன்னதத்தானே சார் செஞ்சோம்.”

செக்கிங் அம்மாவோடு படியிறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, “அண்ணாச்சி, நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, சனிக்கிழமைக்கு சனிக்கிழமை அந்தப் புள்ள எங்கூட இருந்திருக்கும்லா” என்றார்.

டவுனைச் சுற்றி அந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரு காம்பவுண்டில் காலி செய்யச் சொன்னார்கள் என்றால் அடுத்த காம்பவுண்டுக்குப் போன் போய்விடும். செக்கிங் அம்மா தன் சர்ச்சில் சொல்லிப் பார்த்தார். தாயையும் பிள்ளையையும் மட்டும் தன் அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார். அவன் இங்கேயேதானே வந்து நிற்பான் என்று அவர் மறுத்துவிட்டார். அதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை. கடைசியில் கணவனே ஓர் இடம் பிடித்தான். சேவூரைத் தாண்டி ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது சோளக் காட்டுக்குள் தனியாக நிற்கிற ஓட்டு வீடு. தோட்டக்காரர் கோயமுத்தூரில் குடியிருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மோட்டார் போட்டுவிட்டால் போதும், வாடகை வேண்டாம் என்றார். கம்பெனி வேன் மெயின் ரோட்டுக்கு வரும். சாமான்களைச் சின்ன டெம்போவில் ஏற்றும்போது அவன் உற்சாகமாக இருந்தான் என்று செக்கிங் அம்மா சொன்னார். இனிமேல் யாருக்கும் நம்மால் தொந்தரவு இல்லை என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனானாம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே போனோம். தாயிடம் தனியாகப் பேச வேண்டும், போன் நம்பராவது வாங்க வேண்டும், உதவி மையத்து எண்ணைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது திட்டம். ரோட்டிலிருந்து மண் பாதையில் நெடுந்தூரம் நடந்தோம். இரண்டு பக்கமும் சோளம். சாளைக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் வேறு கூரை தெரியவில்லை. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். என் குரல் எங்கும் மோதாமல் போயிற்று.

அவன்தான் வந்தான். வாங்கக்கா, வாங்க சார் என்று கட்டிலைத் துடைத்துப் போட்டான். குடித்திருக்கவில்லை. டீ போடச் சொன்னான். மாடுகளைக் காட்டினான், கிணற்றைக் காட்டினான். லைன் வீட்டில் காற்றே இல்லை, இங்கே பாருங்கள் என்றான். எங்களை விட்டு அவன் அகலவில்லை. தாய் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டம்ளரை வைக்கிற சாக்கில் செக்கிங் அம்மா உள்ளே எழுந்தார். “இருங்கக்கா, நான் எடுக்கேன்” என்று அவன் வாங்கிக்கொண்டான். பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டில் இப்போது துணி இல்லை. இங்கத்திப் பள்ளிக்கூடம் எப்படி என்று நான் கேட்டதற்கு, நல்லாருக்கு என்றது.

கிளம்பினோம். தாய் ரோடு வரை வருவாள் என்று எதிர்பார்த்திருந்தோம். “அவ சோறு வடிக்கா. நான் கொண்டு விடுதேன்” என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையையும் கைபிடித்து அழைத்துக்கொண்டான்.

பஸ் வர நேரமாயிற்று. நீ போப்பா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னேன். இந்த ரோட்டில் கை காட்டாவிட்டால் நிறுத்த மாட்டான் சார் என்று நின்றான். மழையைப் பற்றிப் பேசினான். நான் எந்தப் பத்திரிகையில் இருந்தேன் என்று கேட்டான். செக்கிங் அம்மா பிள்ளையின் அருகே குனிந்து, “சனிக்கிழமை அத்த வீட்டுக்கு வாறியாட்டி?” என்றார்.

“சாயங்காலம் அவ்வளவு தூரத்துக்குப் பஸ்சு கிடையாதுக்கா. லீவுல வருவா” என்றான் அவன்.

பிள்ளை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு, லீவுல வாறேன் அத்த என்றது.

பஸ் வந்தது. அவன் ரோட்டில் இறங்கிக் கை காட்டி நிறுத்தினான். செக்கிங் அம்மா ஏறும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்த்துப் போங்க என்றான். பஸ் நகர்ந்ததும் இருவரும் மண் பாதையில் திரும்பினார்கள். சோளம் ஆள் மார்பளவுக்கு வளர்ந்திருந்தது. கொஞ்சம் உள்ளே போனதுமே பிள்ளை தெரியவில்லை. அவன் தலை மட்டும் சற்று நேரம் தெரிந்தது.