கேம் ரெக்கார்டிங்கை ஆஃப் பண்ணித் தாங்க

செல்போன் ரிப்பேர் தொழிலுக்கு ஸ்க்ரூ டிரைவரைவிட முக்கியமானது, எதைப் பார்த்தாலும் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வது. தாராவியில் என் கடைக்கு வருகிறவர்கள் லாக்கை எடுத்து ஃபோனை நீட்டிவிட்டு, உள்ளே எதையும் பார்க்காதீங்க என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர் செய்யத் தெரிந்த சக தொழிலாளிகள் யாராவது இதைப் படித்தால், அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் தலைவலி ஆன்லைன் கேமால்தான். ஆடுகிறவர் கேட்காமலே அது ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், வீடியோ பிடிக்கும், மைக்கில் விழும் பேச்சையும் சேர்த்து கேலரியில் போட்டுவைக்கும். அதை நிறுத்துகிற இடமோ செட்டிங்ஸில் ஏழு கடல் தாண்டி இருக்கும்.

பார்க் பெஞ்ச் கேரம்

மாதுங்காவில் ராமநாதன் மாமா, பாலக்காட்டுக்காரர், ஆபீஸ் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, பார்க் பெஞ்சில் உட்கார்ந்து ஆன்லைனில் கேரம் ஆடுவார். ஆட்டம் முடிந்ததும் கேம் எடுக்கிற ஸ்கிரீன்ஷாட் நேராகக் குடும்ப ஆல்பத்துக்குப் போய், வீட்டில் மாமி பார்த்துக்கொண்டிருக்கும் டேப்லெட்டில் வந்து நிற்கும். ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தவரிடம் மாமி விபூதிக்குக் கையை நீட்டி, "கேரம்ல தோத்தவாளுக்குப் பிரசாதம் கிடையாதோ?" என்றாளாம்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஜெயிச்சது போனா போகட்டும். தோத்தது மட்டும் போகாம பண்ண முடியுமோ?"

இசக்கியின் அவசரம்

மாமாவின் கவலையாவது விபூதியோடு போயிற்று. இசக்கிக்குக் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சந்தில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் வேலை பார்ப்பவன். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட கை ஈரம் காயாமல் ஓடி வந்தான்.

"அண்ணே, ஜல்தி. ஞாயித்துக்கெழம செம்பூர்ல பொண்ணு பாக்கப் போறோம். அம்மா சொந்தக்காரங்க மூலமா பாத்த எடம். ஆனா அந்தப் பொண்ணு கவிதாவ எனக்கு முன்னாடியே தெரியும். கேம்ல என் டீம்தான். வருசக்கணக்கா பேசுதோம்."

மும்பை முழுக்க இத்தனை வீடு இருக்க, அம்மா எப்படி அதே வீட்டைப் பிடித்தாள் என்று கேட்டேன். எல்லாம் குலசாமி செயல் என்றான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. செம்பூர் வீட்டில் கவிதாவின் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். லவ் என்று காதில் விழுந்தால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவன் கேலரியைத் திறந்தாலோ, ஒவ்வொரு சண்டை வீடியோவிலும் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே கவிதாவின் குரல். சாயங்காலமானால் அதே ஃபோனில்தான் இசக்கியின் அம்மா சீரியல் பார்ப்பாள்.

ரெக்கார்டிங்கை ஆஃப் செய்தேன். பழைய வீடியோக்களை அழித்துவிடவா என்றதும் பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மெமரி கார்டுக்கு மாற்றி என் மேஜை டிராயரிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னான். "அழிச்சிராதீங்கண்ணே, அதுல அவ சிரிக்கது இருக்கு."

அப்டேட்

மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே இசக்கி நின்றிருந்தான். ராத்திரி கேம் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டு, நான் அணைத்ததையெல்லாம் மறுபடி ஆன் செய்திருந்தது. இந்த அநியாயம் உங்களுக்கும் நடந்திருக்கும். நாம் வேண்டாம் என்று சொன்னதை மட்டும் அப்டேட் சரியாக மறந்துவிடும்.

இந்தத் தடவை ஸ்கிரீன்ஷாட், வீடியோ, மைக் மூன்றையும் தனித்தனியாக நிறுத்தி, தானாக அப்டேட் ஆவதையும் தடுத்து, கேலரிக்குள் போக கேமுக்கு இருந்த அனுமதியையும் பிடுங்கினேன். இசக்கிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. "அண்ணே, இந்த கேமு அவ பெரியப்பா வச்ச ஆளா இருக்குமோ?"

பேச்சியம்மாள் சித்தி

இரண்டு நாள் கழித்து இசக்கியின் அம்மா பேச்சியம்மாள் வந்தாள். எனக்குச் சித்தி முறை. கையில் மகனுடைய ஃபோன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா செல்வம், இதுல அந்தப் புள்ள பேசுறது இப்பம் வரமாட்டேங்கு. நீதான் என்னமோ அடச்சுப் போட்டியாம்லா. தொறந்து விடு."

எந்தப் புள்ள சித்தி என்று கேட்டேன். முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளும் என் திறமை அன்றைக்குச் செல்லவில்லை.

"நடிக்காதலே" என்றாள். சீரியல் பார்க்கப் போனவள் ஒருநாள் தெரியாமல் ஒரு வீடியோவைத் தொட்டிருக்கிறாள். அதிலிருந்து தினமும் சீரியலுக்குப் பதில் இதுதானாம். ஒரு வீடியோவில், அப்பா கேஸ் ஏஜென்சியில் இருந்து வந்துட்டாரு, வைக்கேன் என்று கவிதா சொல்லியிருக்கிறாள். பேச்சும் நம் ஊர்ப் பேச்சு. சித்திக்கு அது போதும். கேஸ் ஏஜென்சியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர், கவிதா என்று ஒரு மகள் என்று செம்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையிடம் சொல்லி ஆளைக் கண்டுபிடித்து, முறையாகப் பெண் கேட்டும் அனுப்பிவிட்டாள். இசக்கியின் குலசாமி என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

"சுடு சுடுன்னு கத்திக்கிட்டு இருக்கும்போதே சாப்பிட்டியான்னு கேக்கா. இவனால தோத்தாலும் ஏச மாட்டேங்கா. இதுக்கு மேல என்னத்த விசாரிக்க?"

ஞாயிற்றுக்கிழமை முடிகிறவரை அடைத்தே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். சரி என்றாள், முகம்தான் வாடியது. மனது கேட்காமல் டிராயரிலிருந்து கார்டை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஃபோனைக் காதில் வைத்து, கடைசிவரை கேட்டாள். இசக்கியிடம் சொல்லிவிடலாமே என்றேன். எழுந்துகொண்டே சொன்னாள்: "நான் பாத்த பொண்ணுன்னே அவன் நெனைக்கட்டும். அப்பத்தான் நாளைக்கு ரெண்டுபேருக்கும் சண்டன்னா பஞ்சாயத்துக்கு என்னையக் கூப்பிடுவான்."

செம்பூரில் பொண்ணு பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முறைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். கவிதா காபித் தட்டோடு வந்தாள். நடு நாற்காலியில் பெரியப்பா. ஏதாவது கேக்கணும்னா கேளுங்க மாப்பிள்ளை என்று அவர் சொன்னதும், இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க பேரு என்ன?" என்றான். கவிதா என்றாள் அவள், உதட்டைக் கடித்துக்கொண்டு. சித்தி சுவரில் இருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கவிதாவின் அப்பா, மொபைலில் ஒரு சந்தேகம் என்று என்னை அடுப்படிப் பக்கம் அழைத்துப் போனார். மகளின் ஃபோனை என் கையில் திணித்தார். "தம்பி, போட்டோ எடுக்க எங்க அண்ணாச்சி இதத்தான் கேப்பாரு. எடுத்து முடிச்சதும் கேலரிக்குள்ள பூந்துருவாரு. உள்ள பூரா மாப்பிள்ள சத்தம். எம்மவ ஆஃப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இன்னைக்குக் காலைலதான் அப்டேட் ஆச்சு."

அந்த மனிதருக்கும் தெரியும். ஆச்சரியப்படக்கூட நேரமில்லை. ஒரே அறை, நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் பெரியப்பா, ஃபோன் எங்கே என்று கேட்டாயிற்று. தப்பித்தவறி ஒரு வீடியோவில் கை பட்டால் இசக்கியின் குரல் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும், கல்யாணமும் அதோடு போய்விடும். சத்தத்தைக் குறைத்து, வீடியோக்களை மொத்தமாக ஒளித்துவைத்து, ரெக்கார்டிங்கை அணைத்து நீட்டினேன். அவர் வேட்டியில் ஃபோனைத் துடைத்து, கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தார்.

பெரியப்பா எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். சொன்னபடியே கேலரிக்குள் போனார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இசக்கியின் காது சிவந்துவிட்டது. கோயில் கொடை விழாப் படங்களும் கோலப் படங்களும்தான் இருந்தன. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, தட்டு மாற்ற நாள் பாருங்க என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "பய ரொம்ப அடக்கம்டே. இந்தக் காலத்துல வீட்டுக்கு வந்த பெறவு பொண்ணு பேரைக் கேக்கவன் எவன் இருக்கான்?"

கேம் ரெக்கார்ட் செய்வதை நிறுத்தித் தருகிறேன், வீட்டில் இருக்கிறவர்கள் ரெக்கார்ட் செய்வதை நிறுத்த என்னிடம் பட்டன் கிடையாது என்று இப்போது கடைக்கு வருகிற எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.