அவன் உயரத்துக்குப் போன பந்து

திண்டிவனத்தில் நான் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் பள்ளியில், காலை வாலிபால் பயிற்சியின் முதல் பந்தை யாருக்கும் எட்டாத உயரத்துக்குத் தூக்கிப் போடுவேன். அது வலைக்கு மேலே போய், அடிக்க ஆளில்லாமல் கீழே விழும். "சாருக்கு இன்னிக்கும் கை சரியில்ல" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு பந்து அவர்களுக்கானது இல்லை.

விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது நான் வாலிபால் அணியின் செட்டர். செட்டர் என்றால் பந்தை அடிப்பவன் இல்லை. அடிப்பவனுக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பவன். கைதட்டல் எல்லாம் அடிப்பவனுக்கு, பந்து வலையில் மாட்டினால் திட்டு மட்டும் எனக்கு. அதில் எனக்குக் குறையே இருந்ததில்லை, ஏனென்றால் என் பந்தை அடித்தவன் அவன்.

வளவனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவனுக்கு. அப்பா இல்லை. அம்மா கரும்பு வெட்ட, மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க என்று கூலி வேலைக்குப் போவார். காலையில் எங்களோடு வாலிபால் ஆடுவான், சாயங்காலம் கபடி. ரெய்டு போனால் மேலே விழுந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்துவிடுவான். நெட்டையனுக்குக் கபடி வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அவனைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை. எங்கள் பி.டி. சார் மட்டும் விடமாட்டார்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தினி நாளுக்குடா? ஏதாச்சும் ஒண்ண உட்டுத் தொலை."

"அதான் ரெண்டு காலு இருக்குதே சார்" என்பான்.

வாலிபாலில் மற்றவர்கள் பந்து இறங்கி வரும்வரை காத்திருந்து அடிப்பார்கள். அவன் காத்திருக்க மாட்டான். வலையின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பி நிற்கும். பந்து அதன் நுனி உயரத்துக்குப் போய் ஒரு கணம் நிற்கும், அப்போதே அவன் கை அங்கே இருக்கும். மூன்று வருடம் தினமும் அந்த உயரத்துக்குப் போட்டுப் போட்டு என் விரல்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பந்து அங்கேதான் போகும்.

கடைசி வருடம் ஒரு திங்கட்கிழமை, "உடம்பெல்லாம் அடிச்சிப் போட்டாப்புல வலிக்குதுடா" என்றான். முந்தின நாள்தான் கபடி மேட்ச் ஆடியிருந்தான்.

"ரெண்டு ஆட்டம் ஆடுறவனுக்கு வலிக்காம, பாத்துகினு இருக்கிறவனுக்கா வலிக்கும்?" என்று கேட்டது நான்தான். அவனும் சேர்ந்து சிரித்தான். முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன். உடம்பு சுட்டது. ஆடுகிறவன் உடம்பு சுடத்தானே செய்யும் என்று நினைத்தேன். எங்களில் ஒருவனுக்குக்கூட அது காய்ச்சல் என்று தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் அப்படியே இரண்டு ஆட்டமும் ஆடினான். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், சனிக்கிழமை போய்விட்டான். இருபது வயது. அந்தக் கேலிக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் திண்டிவனத்தில் ஒரு போட்டி. அவன் இடத்தில் ஆட, கபடி அணியிலிருந்து ஒருவன் வந்தான். நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் ஒரு சாண் குள்ளம். நான் போட்ட பந்தெல்லாம் அந்தக் கபடிக்காரன் தலையைத் தாண்டி வெளியே போய் விழுந்தன. வேண்டுமென்று செய்யவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் கைப்பழக்கம் சுடுகாட்டையும் தாண்டி வந்திருந்தது. தோற்றோம். ஊர் திரும்ப பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சார் பக்கத்தில் வந்தார்.

"யாருக்குடா தூக்கிக் குடுத்துகினு இருக்க? ஒண்ணு, கைய கீழ எறக்கு. இல்ல, ஓரமா ஒக்காந்து வேடிக்க பாரு."

இறக்கினேன். வாலிபாலை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. வலைக்கு மேலே குறுக்காக ஒரு கயிற்றைக் கட்டி, பந்து அதில் இடிக்காமல் அடியில் போகும்படி பழகினேன். இடித்த நாளெல்லாம் உள்ளூர சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் ஒரு பந்துகூட இடிக்கவில்லை. சார் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அவனை இரண்டாம் முறையாக அனுப்பிவைத்துவிட்டதாகத் தோன்றியது.

கல்லூரி விளையாட்டு விழாவில் அவன் நினைவாக, வாலிபாலுக்கு ஒன்று, கபடிக்கு ஒன்று என்று இரண்டு கேடயம் கொடுத்தார்கள். அவன் அம்மா வந்து வாங்கிக்கொண்டார். விழா முடிந்ததும் ஒன்றைக் கக்கத்திலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு என்னைத் தேடி மைதானத்துக்கு வந்தார்.

"கபடி நம்மூரு பொங்கல்ல பாத்திருக்கேன் தம்பி. இந்தப் பந்தாட்டந்தான் பாத்ததேயில்ல. வாம்மா வாம்மான்னான், வேலய உட்டுட்டு எங்க வர்றது? எம்புள்ள எங்க நிப்பான், எம்மாம் ஒசரம் எகிறுவான்? கொஞ்சம் காட்டேன்."

அவரை வலையோரம் நிறுத்தினேன். "பந்து எங்க போவுதோ அங்க அவன் கை இருக்கும்மா" என்று சொல்லித் தூக்கிப் போட்டேன்.

பந்து கபடிக்காரன் உயரத்துக்குப் போய் இறங்கியது. அவர் பார்த்துத் தலையாட்டினார். திருப்தியாகத்தான் இருந்தார். அப்படியே விட்டிருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியுமே.

"இல்லம்மா, தப்பா போட்டுட்டேன். இன்னும் மேல."

மறுபடி போட்டேன். எட்டவில்லை. மறுபடியும் எட்டவில்லை. கயிற்றை என்றைக்கோ அவிழ்த்தாயிற்று, பந்து மட்டும் அதற்குக் கட்டுப்பட்டே போனது. அவன் உயரத்தைத் தெரிந்துவைத்திருந்தது இந்த ஒரு ஜோடி கைதான், அதையும் நானே கெடுத்துவிட்டேன் என்று பதறினேன். ஏழாவதோ எட்டாவதோ பந்து, விரலை விட்டுப் போகும்போதே தெரிந்தது. கம்பியின் நுனி வரை போய் ஒரு கணம் நின்றது.

"அங்கம்மா!"

பந்து விழுந்து உருண்டோடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. அது நின்ற இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாம் மேலயா?" என்றார். கண்ணை இறக்காமலே, "எங்க வூட்டு வாசக்காலு தாழ்வு தம்பி. உள்ள வரச்சொல்லோ எல்லாம் தலைய இடிச்சிக்குவான். குனிஞ்சி வாடா, குனிஞ்சி வாடான்னே சொல்லிகினு இருந்துட்டேன்" என்றார்.

பிறகு கேடயங்களைத் தரையில் வைத்துவிட்டு, உருண்டு போன பந்தை அவரே எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"இன்னொருதரம் போடு தம்பி."