சத்திரசிகிச்சைக்குப் பின் அப்பா வாழ்ந்த ஒன்பது ஆண்டுகள்

அப்பா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்கள். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் அவரோடு நின்றவர்கள். அதனால் அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பேசாலையில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராக அப்பா பிறந்தார். போர்க்கால இடப்பெயர்வில் வள்ளமும் வலையும் போயின. மடு மாதா கோயிலடியில் ஒரு கொட்டில் போட்டு எங்களை வைத்திருந்தார். திரும்பி வந்தபின் உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்து, வெயிலில் உப்பு வாரியே என்னையும் தம்பியையும் படிப்பித்தார். அம்மா இறந்தபின் என்னோடு இருந்தார்.

அறுபத்திரண்டு வயதில் சிறுநீரில் இரத்தம் கண்டது. புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் சிறுநீர்ப்பையை முழுதாக அகற்றி, அவருடைய குடலிலேயே ஒரு துண்டை எடுத்துப் புதிய பையாகத் தைத்து உள்ளே வைத்தார்கள். இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று தம்பி தயங்கினான். அப்பா யாருக்கும் மறைத்ததில்லை. இதே நோயோடு வந்து கேட்டவர்களைக் கதிரையில் இருத்தி விளக்கம் சொன்னவர் அவர்.

அந்தப் பைக்குச் சிறுநீர் முட்டுகிற உணர்வு கிடையாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரம் பார்த்துப் போய், இருந்து, அடிவயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஆரம்ப மாதங்களில் நித்திரையில் பாய் நனையும். விடிந்ததும் அப்பா தானே அதை அலசிக் காயப்போடுவார். நானோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலே பதறுகிறவள். அப்பாவையும் என் மூன்றாவது பிள்ளையாக்கிவிட்டேன். கோயிலுக்குக்கூட விடவில்லை. வருத்தக்காரருக்கு உப்பு ஆகாது என்று நானே முடிவெடுத்து, உப்பில்லாத கஞ்சி கொடுத்தேன்.

"பிள்ளை, இருபது வருசம் உப்புக்குள்ள நிண்டனான். எனக்கு ஒரு கல்லுக்கும் வழியில்லையோ?"

"பேசாமக் குடியுங்கோ அப்பா."

இரண்டாம் மாதம் அவருக்கு வாந்தியும் தலைச்சுற்றும் வந்தன. எழும்ப முடியாமல் கிடந்தார். நோய் திரும்பிவிட்டது என்று நான் ஆஸ்பத்திரி வாட்டில் அழுதுகொண்டு நின்றேன். இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சாப்பாட்டுக்கு உப்புப் போடுறீங்களோ?"

"ஒரு துளியும் போடுறேல்லை டொக்டர்," என்றேன், பெருமையாக.

"இந்தப் பையால உப்பு வெளியால போகுது அம்மா. இவருக்கு உப்பும் தண்ணியும் கூடக் குடுக்க வேணும். நோய் திரும்பேல்லை."

சேலைன் ஏறிக்கொண்டிருந்த அப்பா கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். "குறை நினைக்காதேங்கோ டொக்டர். என்ர மகள் படிச்சவ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இனி என்னை விடு பிள்ளை. ஆவணியில மடுவுக்குப் போகப்போறன்."

அந்த ஆவணியில் அவரைப் போக விட்டேன். திருவிழாவுக்கு ஊரார் பிடித்த பஸ்ஸில் நானும் பின் சீற்றில் ஏறினேன். பாதி வழியில், சிறுநீர் கழிக்கும் நேரத்துக்கென்று அப்பா வைத்திருந்த போன் மணி அடித்தது. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்தேன். அப்பாவோடு உப்பளத்தில் வேலை செய்த சூசை மாமா எழும்பிக் கத்தினார்.

"நிப்பாட்டும் தம்பி! எங்கட ஆளுக்கு நேரமாச்சு. இவரைச் சாட்டி நாங்களும் ஒருக்கா இறங்குவம்."

ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். அப்பாவை மட்டும் தனியே இறங்க விடவில்லை. அதன்பின் எட்டு ஆவணிகளிலும் அப்பாவின் மணி அடித்ததும் அந்த பஸ் நின்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

புற்றுநோய் திரும்பவே இல்லை. கடைசியில் தளர்ந்தது இருதயம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், ஆனாலும் பெரிதாகப் பலன் இராது என்றார்கள்.

"வீட்டை போவம் பிள்ளை," என்றார் அப்பா.

ஒன்பது வருடமாக அவர் எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்றவள் நான். அன்று, "ஓம் அப்பா, போவம்," என்றேன். மூன்று நாள் வீட்டில் எல்லோரோடும் கதைத்துக்கொண்டு இருந்தார். நான்காம் நாள், காலைப் பூசை முடிந்து சனம் திரும்பும் நேரத்தில் போனார்.

அறுவைச் சிகிச்சை செய்த டொக்டர்மார், புதிய பையைக் குழாய் வைத்துக் கழுவும் முறையைப் பொறுமையாகச் சொல்லித்தந்த தாதியர், கடைசி நாளில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தை, செத்தவீட்டு எட்டு நாளும் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவர், பெயர் கேட்க மறந்துபோன பஸ் சாரதி, சூசை மாமா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பயத்தில் நான் அடைத்து வைத்திருந்த அப்பாவை நீங்கள் வெளியே கூட்டிக்கொண்டு போனீர்கள்.

போன மாதம் என் மகள் படிப்புக்காக மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். எனக்கு முதலில் 'வேண்டாம்' என்றுதான் வாயில் வந்தது. "போட்டு வா பிள்ளை," என்று சொல்லி அனுப்பினேன். அதற்கும் சேர்த்து உங்களுக்கு நன்றி.