வேன் ஷெட்டுக் கதவு

பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் வியாபாரியிடம் ஏழு வருஷம் வேன் ஓட்டினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. வேனை நிறுத்தவும் தோல் அடுக்கவும் சேர்த்து ஒரே ஷெட். அதற்கு ஒற்றைத் தகரக் கதவு, இரும்புச் சட்டம் போட்டது. சுவரின் வெளிப்பக்கம் மேலே ஒரு தண்டவாளம், அதில் ஓடும் இரண்டு சக்கரங்கள், அவற்றில் தொங்கும் கதவு. பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும். காலையில் அதைத் திறப்பது காவல்காரர் வேலை. கீரனூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை டிரைவரே என்பார். மத்தியானம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

ஒரு சித்திரை மாதம் கதவு மக்கர் பண்ணத் தொடங்கியது. பாதி தூரம் வரும், அப்புறம் நின்றுவிடும்.

"ஏனுங்க டிரைவரே, இதைக் கொஞ்சம் பாருங்க. தோள்பட்டையெல்லாம் வலிக்குதுங்க" என்றார்.

வேனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்குக் கதவும் தெரியும் என்று எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான். முதலில் தரையில் இருந்த காடியைப் பார்த்தேன். கதவு ஆடாமல் இருக்க அதன் கீழ்விளிம்பு அதற்குள்தான் ஓடும். தோலிலிருந்து உதிர்ந்த உப்பும் ஆட்டுமுடியும் சேர்ந்து அங்கே கல்லாக இறுகிக் கிடந்தன. கம்பியால் குத்தி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழையபடி. ஒரு சக்கரம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து மாட்டினேன். அதற்கும் அது மசியவில்லை.

அப்புறம்தான் ஏணி போட்டு ஏறி, ஒரு சைக்கிள் பேரிங் குண்டைத் தண்டவாளத்தின் மேல் வைத்தேன். யாரும் தொடாமலே அது கிழக்குக் கோடிக்கு உருண்டு போய்க் கீழே விழுந்தது. தண்டவாளம் சரிந்திருந்தது. அந்தக் கோடியில் அதைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டை விரலால் ஆட்டினேன், ஆடியது. சுற்றியிருந்த செங்கல்லைச் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. உள்ளே வருஷக்கணக்காகச் சுவரோரம் அடுக்கிய தோல்களின் உப்பு செங்கல்லைத் தின்றிருந்தது. கோளாறு கதவில் இல்லை, சுவரில்.

முதலாளியிடம் சொன்னேன். அவரும் ஏணியில் பாதி ஏறிப் பார்த்தார்.

"பக்ரீத் தோல் வர்ற நேரம்பா. இப்பச் செவத்தை இடிச்சா அம்புட்டையும் எங்க கொண்டுபோயி வைக்கிறது? இந்த லோடு போகட்டும், கொத்தனாரை வரச் சொல்றேன்."

"அதுவரைக்கும் தாங்குமா முதலாளி?"

"நீ ஏதாச்சும் பண்ணி வையி."

பண்ணினேன். போல்ட்டைச் சுற்றி மரச் சில்லுகளை அடித்து இறுக்கி, மேலே சிமெண்டைப் பூசினேன். பார்வைக்குப் புதிதுபோல இருந்தது. காவல்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் திறக்கமாட்டேன் என்பார், பிறகு தினமும் நான்தான் திறக்க வேண்டிவரும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம்.

பக்ரீத் முடிந்து நாலாம் நாள் காலை. பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே போய் வேனைக் கிளப்பினேன். வெளியே அவர் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு ஒரு முழம் திறந்து நின்றுவிட்டது. இடுக்கில் அவர் தோள் தெரிந்தது.

"வரலீங்க டிரைவரே."

"செத்த அழுத்தித் தள்ளுங்கண்ணே. நேரமாச்சு" என்று சீட்டில் இருந்தபடியே சொன்னேன்.

அவர் காலை ஊன்றித் தள்ளினார். மேலே எதுவோ பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. எனக்கு எதிரே சட்டென்று முழு வெளிச்சம். கதவு அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. விளிம்புக்கு வெளியே அவருடைய ஒரு கை மட்டும் தெரிந்தது.

லோடு ஏற்ற வந்திருந்த நாலு பேரும் நானுமாகத் தூக்கி அவரை வெளியே எடுத்தோம். நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "இடுப்புக்குக் கீழ எல்லாம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்குண்ணே என்றேன். வேனில் முந்தின நாள் ஏற்றியிருந்த தோல்களைக் கீழே தள்ளிவிட்டு அவரை அங்கே படுக்கவைத்தோம். வெளியே போக வேறு வழியில்லை. விழுந்து கிடந்த கதவின் மேலேயே வேனை ஏற்றி ஓட்டினேன்.

முதுகெலும்பு முறிந்துவிட்டது என்றார் டாக்டர். சாயங்காலம் அவர் மனைவி ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். செத்த நேரம் கட்டில் பக்கம் இருந்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். அங்கே நானும் முதலாளியும் நின்றிருந்தோம்.

"ஏனுங்க தம்பி, அந்தக் கதவு முன்னாலயே கெட்டுத்தான் இருந்துதுங்களா?"

முதலாளி தரையைப் பார்த்தார். நான் சொன்னேன், "இல்லக்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

"நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னு அவரு இப்பச் சொன்னாருங்க. அதான் கேட்டேன்."

எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் நாள் காவல்காரர் இறந்துபோனார். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். சுவரை இடித்துக் கட்ட நாலு நாள்தான் ஆனது. அந்த நாலு நாளும் தோலையெல்லாம் பக்கத்து வளவில் கீற்றுப் போட்டு வைத்திருந்தோம். வெயிலோ மழையோ ஒன்றையும் கெடுக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று கீரனூருக்குப் போனேன். காவல்காரரின் மனைவி யாருடைய தோட்டத்திலோ கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வரப்புக்கு வந்து என் வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினோம். மகளுக்குத் தொப்பம்பட்டியில் வரன் பார்த்திருப்பதாகச் சொன்னார். நல்ல இடமா என்று கேட்டேன். அதற்குள் ரோட்டில் திரும்பும் பஸ் வந்துவிட்டது.

கிளம்பும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்தேன். மறுநாள் குழம்பு வைத்தார்கள், சாப்பிட்டேன்.