பட்டியலில் பதினெட்டாவது பெயர்

பேசிக்கொண்டிருக்கும்போது போர் விமானம் மேலேறினால் ரோலண்ட் பிக்கெட் பாதிச் சொல்லில் நிறுத்துவார். ஓசை அடங்கியதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். எதிர் மேசையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கும் ஹருயோ குடோ, அவர் ஒருமுறைகூடத் தடுமாறிப் பார்த்ததில்லை.

வட ஜப்பானிலுள்ள அமெரிக்கத் தளத்தில், போர் விமானப் பிரிவின் வரலாற்றை எழுதுவது பிக்கெட்டின் வேலை. முன்னாள் மெக்கானிக். நகத்தடியில் கிரீஸ் போய் மை குடியேறிவிட்டது. மதியம் ஹருயோவின் முள்ளங்கி ஊறுகாயைக் கேட்காமலே எடுப்பார். யாராவது பழங்கதை சொன்னால், "பேப்பர் இருக்கா? இல்லைன்னா அது நடக்கல" என்பார்.

"உங்க கல்யாணத்துக்கு இருக்கா, பிக்கெட் சான்?" என்பாள் ஹருயோ.

"விவாகரத்துக்கும் சேர்த்தே இருக்கு."

ஆண்டு விழாவில், பறந்து மாண்டவர்களின் பெயர்களை அவர்தான் வாசிப்பார். அவரே தொகுத்த பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் கோப்பைகள் உயரும். இந்த ஆண்டு பதினெட்டாவதாக, "கேப்டன் வெர்னன் ஸ்ட்ராப்" என்றதும் கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். ஓய்வுபெற்றபின் முதன்முறையாக வந்திருந்தவர்.

"ஆஜர்! எனக்கு எவன்யா தேதி குறிச்சது?"

கூடம் சிரித்தது. பிக்கெட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

கிழவரின் சிரிப்பும் பாதியில் நின்றது. "இருங்க... அந்த விமானம் விழுந்த அன்னைக்கு எனக்குச் சளி, காது அடைச்சிருந்துச்சு. பறக்க விடல. எனக்குப் பதிலா பின் சீட்டுல நம்ம மெக்கானிக் டெல்மர் ப்ரூவர் ஏறினான். ஒரு தடவை மேல போகணும்னு எத்தனை நாள் கெஞ்சினான்! கடல்ல விழுந்தது அவன்யா. அவன் பேரை இத்தனை வருஷமா வாசிக்கவே இல்லையா நீங்க?"

முந்தைய நாள் தயாரான பறப்பு அட்டவணையைப் பார்த்துப் பெயர்களை எழுதியவர் பிக்கெட். கடைசி நிமிடத்தில் ஆள் மாறியது அதில் ஏறவில்லை. விபத்து அறிக்கையை அவர் தேடவும் இல்லை.

ப்ரூவர் என்ற பெயர் ஹருயோவை உலுக்கியது. அலுவலகத்துக்கு ஓடிப் பழைய கடிதக் கோப்பைப் பிரித்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் டெல்மரின் அக்கா லோயிஸ் எழுதிய கடிதம்: 'என் தம்பியின் பெயரை ஏன் வாசிப்பதில்லை?' அடியில் பிக்கெட்டின் பதில்: 'அந்த விமானத்தில் அப்படி ஒருவர் பறந்ததாக எங்களிடம் பதிவு இல்லை.' தட்டச்சு செய்தவள் ஹருயோதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?

பின்னால் வந்து நின்ற பிக்கெட்டிடம் தாளை நீட்டினாள். வாசித்தவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அந்த அம்மாவுக்கு இப்பவே எழுதுங்க."

"எழுதுறேன்மா."

ஏழு வாரமாகிறது. தேதியும், 'அன்புள்ள லோயிஸ் அம்மையாருக்கு' என்பதும் மட்டுமே தாளில் இருக்கின்றன. காலையில் வந்ததும் பிக்கெட் நேற்றைய தேதியை அடித்து இன்றைய தேதியைப் போடுகிறார். பிறகு பேனாவை மூடி வைக்கிறார்.