நெஞ்சுக்கு வாட்டர் சர்வீஸ்

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கருத்தரங்கில் என்னை அறிமுகப்படுத்திய இளைஞர், நான் ‘மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி’யின் முன்னோடி என்று மேடையில் வாசித்தார். டிரான்ஸ்லேஷனல் ரிசர்ச் என்பதை யாரோ அப்படித் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நோயாளியின் படுக்கையில் கிடைப்பதைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே தெரிந்துகொண்டதைத் திரும்பப் படுக்கைக்கே கொண்டுவருவது என்பது அதன் பொருள். கொண்டுபோகும் பாதை எங்கள் காலத்திலும் இருந்தது. திரும்பி வரும் பாதைக்குத்தான் தார் போட்டிருக்கவில்லை. நான் இளைஞரைத் திருத்தவில்லை. எங்கள் துறையில் உண்மையாகவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் படித்த நுரையீரல்கள் அனைத்தும் சேர்ந்து தராத அதிர்ச்சியை அவருடைய ஒரே ஒரு மொழிபெயர்ப்பு தந்தது.

அவர் நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி அறையின் அட்டெண்டர்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நகரின் மேற்குப் புறத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து அம்பத்தூரில் குடியேறினேன். பக்கத்தில் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டை, மேற்கே ஆவடி, தெற்கே பூந்தமல்லி. நுரையீரல் மருத்துவனுக்கு இதைவிட நல்ல அக்கம்பக்கம் வாய்க்காது. ஃபவுண்டரிக்காரருக்கு ஒரு இருமல், பெயிண்ட் அடிப்பவருக்கு ஒரு இருமல், ரப்பர்க் கம்பெனிக்காரருக்கு ஒரு இருமல். அவற்றில் நான் தேர்ந்தெடுத்தது மணல் இருமல்.

வார்த்தெடுத்த இரும்பின் மேல் ஒட்டியிருக்கும் கசடைப் போக்க, மூடிய அறைக்குள் நின்று கம்ப்ரஸர் காற்றால் மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். மணல் இரும்பில் மோதித் தூளாகும். அடிப்பவர் அதைச் சுவாசிப்பார். நுரையீரலில் மேக்ரோஃபேஜ் என்றொரு செல் இருக்கிறது. தமிழ்ப் பாடநூல் பெருவிழுங்கி என்கிறது. பொருத்தமான பெயர்தான், உள்ளே வருவதையெல்லாம் விழுங்குவதே அதன் உத்தியோகம். கிருமியை விழுங்கினால் செரித்துவிடும். மணலை விழுங்கினால் மணல் அதைக் கொன்றுவிடும். செத்த செல் மணலை வெளியே விடும். அதை விழுங்க அடுத்த செல் வரும், அதுவும் சாகும். மணல் மட்டும் அப்படியே இருக்கும். சுற்றிலும் தழும்பு கட்டி நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகும். இதற்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மணலை விட்டு விலகுவது ஒன்றுதான் வழி. அது மருந்துக் கடையில் கிடைப்பதில்லை.

இந்தச் செல்களை உயிரோடு பிடித்துப் பார்க்க லவாஜ் என்று ஒரு முறை உண்டு. மூக்கு வழியாக மெல்லிய குழாயை நுரையீரலின் ஒரு சின்னக் கிளைக்குள் விட்டு, வெதுவெதுப்பான உப்புநீரைச் செலுத்தி, உடனே உறிஞ்சி எடுப்போம். நீரோடு செல்களும் வரும். ‘மூச்சுக் கிளைக்குழல் நுண்ணறைக் கழுவல்வழித் திரவச் சேகரிப்பு’ என்று இதற்குத் தமிழ் எழுதி, ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவின் ஒப்புதல் வாங்கியிருந்தோம். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஒரு சொல்கூட யாருக்கும் புரியவுமில்லை. மேசையில் படுத்து மிரளும் ஆளின் காதருகே அட்டெண்டர் குனிவார்.

“பயப்படாத அண்ணாத்தே. டிரங்க் ரோட்ல லாரிக்கு வாட்டர் சர்வீஸ் பண்றாங்கல்ல? அதேதான் இது. தண்ணி உடுவாங்க, இஸ்துக்குவாங்க. ஊட்டுக்குப் போய்கினே இருக்கலாம்.”

ஆள் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். எந்த ஊசியையும்விட அது வேகமாக வேலை செய்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு ஷெட்டிலிருந்து மணல் அடிப்பவர் ஒருவர் வந்தார். செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். வயல்கள் பிளாட்டுகளாகத் தொடங்கியதும் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். எக்ஸ்ரேயில் இரு பக்கமும் மணி மணியாக நிழல். இனி அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று அவரிடம் சொன்னேன், ஷெட் முதலாளிக்கும் எழுதினேன். முதலாளி நல்ல மனிதர், லேத்தில் நின்று மேலே வந்தவர். அவரை உடனே பெயிண்ட் பகுதிக்கு மாற்றிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து லவாஜுக்கு வரவழைத்தேன். இது வைத்தியம் இல்லை, ஆராய்ச்சி என்று நெறிமுறைப்படி சொன்னேன். நெறிமுறைப்படி தலையாட்டினார். ஆரோக்கியமான நுரையீரலிலிருந்து வரும் நீர் சோடாவைப் போலத் தெளிவாக, மேலே நுரையோடு இருக்கும். இவருடையது அரிசி களைந்த தண்ணீராக வந்தது. தொண்டை மரத்த நிலையிலும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இது... என் நெஞ்சுலேர்ந்தா சார்?”

“ஆமா.”

“பார்த்தியா நைனா, எவ்ளோ அழுக்கு!” என்றார் அட்டெண்டர்.

படுத்திருந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் பாட்டிலை ஐஸில் புதைத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன். செல்கள் காத்திருக்காது. அன்று மாலை அவருக்கு லேசான ஜுரம் கண்டது, லவாஜுக்குப் பிறகு அது சகஜம். உள்சூடு கிளம்பிப் போவதாக அவர் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதலாளி என்னை ஷெட்டுக்கு அழைத்தார். வாசலில் வாழைக்கன்று, லேத்துகளுக்குச் சந்தனம், குங்குமம். ஓரத்தில் கழுவித் துடைத்த டெம்போ புதுப்பெண் போல நின்றது. என் மணிக்கட்டிலும் யாரோ சந்தனம் பூசினார்கள். கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அவசர லோடு முடிந்ததும் பூஜை என்றார்கள்.

“வாங்க டாக்டர் சார், வாங்க. நம்ம ஆளைப் பழையபடி திருப்பிக் குடுத்துட்டீங்க” என்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரை?”

“என்னா சார் இப்படிக் கேக்குறீங்க! அவரு இல்லாம சாண்டு ரூமே நொண்டிக்கிட்டுக் கெடந்துச்சு.”

கம்ப்ரஸர் நின்றது. மணல் அறையின் கதவு திறந்தது. தலையிலிருந்து கால்வரை மாவில் புரட்டியது போல ஒரு உருவம் வெளியே வந்து, தலையுறையைக் கழற்றி, வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தது. துண்டு இருந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது.

“சார்! வாங்க சார். இன்னா சார் நம்ம கம்பெனிக்கெல்லாம்!”

“நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“வேலதான் சார்.”

“அந்த ரூம் பக்கமே போகக்கூடாதுன்னு சொன்னேனே.”

“அது அப்போ சார். கய்வறதுக்கு முன்னாடி.”

எந்தப் பல்கலைக்கழகமும் என்னை அந்த வாக்கியத்துக்குத் தயார்செய்திருக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். கழுவிய பிறகு நெஞ்சு லேசாகிவிட்டதாம், மாடிப்படி தெரியவேயில்லையாம். லேசானதற்குக் காரணம் மணலுக்கு வெளியே இருந்த அந்தச் சில வாரங்கள். ஆனால் வாரங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. அழுக்குத் தண்ணீரை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

அதற்குள் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“எங்களுக்கெல்லாம் எப்ப சார் சர்வீஸு?”

“என்து டீசல் வண்டி சார், ரெண்டு தபா அடிக்கணும்” என்றார் பீடியோடு ஒருவர்.

“உன்க்கு அடிச்சா தண்ணிக்கு பதிலா தாரு வரும்டா!”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. “வருஷா வருஷம் பூஜைக்கு முன்னாடி எல்லாரையும் அனுப்பிடறேன் சார். மிஷினுக்குச் செய்யறோம், மனுஷனுக்குச் செய்யக்கூடாதா?” என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் ஒருவர் எதிரே நின்றிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மணல்காரரை மட்டும் டெம்போவின் பக்கம் அழைத்துப்போனேன்.

“எஞ்சினுக்குள்ள மண்ணு போய் சிலிண்டர் போர் தேஞ்சிருக்கு. வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டா சரியாயிடுமா?”

“எப்டி சார் ஆவும்? எஞ்சினைப் பிரிச்சு ரீபோர் பண்ணணும்.”

“உங்களுக்கும் அதேதான். உள்ள தேஞ்சிருக்கு.”

“செரி சார், ரீபோர் பண்ணிடுங்க.”

“அது கிடையாதுங்க. மனுஷனுக்கு அது இல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். இமையிலிருந்து தூள் உதிர்ந்தது.

“இன்னா சார் சொல்ற?” அதிர்ச்சியில் மரியாதை விகுதி கழன்று விழுந்துவிட்டது. “அப்போ அந்த அழுக்குத் தண்ணி?”

“அதுல இருந்தது உங்க உடம்போட செல்லு. மணல் என்ன பண்ணுதுன்னு பார்க்க எங்களுக்குத் தேவைப்பட்டுச்சு.”

“உனுக்கு வேணும்னு எடுத்தே. எனுக்கு இன்னா செஞ்சே?”

இந்தக் கேள்விக்கு நெறிக்குழுவிடம் ஒரு பத்தி தயாராக இருக்கிறது. எதிர்கால நோயாளிகளுக்குப் பயன்படக்கூடும் என்று அது முடியும். வேறு எதுவும் தோன்றாமல் அதையே சொன்னேன்.

“யாரு அவங்க?” என்றார்.

பூசணிக்காயை உடைத்தார்கள். கற்பூரத் தட்டு எங்கள் பக்கம் வந்தது. அவர் கையை நீட்டவில்லை.

மறுநாளே அவர் முதலாளியிடம் போய் கேட் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உயிர் வந்தது. தொழிற்சாலைகளை மேற்பார்வையிடும் இடத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுதினேன். அது உரிய வழியில் போனது. உரிய வழி எப்போதுமே நீளமானது. அட்டெண்டரிடம் இனி வாட்டர் சர்வீஸ் என்று சொல்லாதீர்கள் என்றேன். “அப்போ இன்னான்னு சொல்லட்டும் சார்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

எதிர்கால நோயாளி வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. மணல்காரரே அவரை வெளிநோயாளிப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வாட்டசாட்டமான ஆள், மீசையை முறுக்கிவிட்டிருந்தார்.

“சார், இவன் என் பொண்டாட்டி தம்பி. நான் உட்ட எடத்துல போய் நின்னுகினு கீறான். சர்வீஸ் பண்ணிக்கலாம்டான்னு அப்போ நான்தான் ஊர் பூரா சொல்லிகினு இருந்தேன். அத்த நம்பித்தான் போயிருக்கான். இப்போ வேணாம்னா கேக்க மாட்றான். நீங்களே சொல்லுங்க சார்.”

“மாமாக்கு வயித்தெரிச்சல் சார்” என்று மைத்துனர் சிரித்தார். “கேட்ல குந்திகினு கீறாருல்ல. சாண்டு ரூமுக்குத்தான் கூலி ஜாஸ்தி.”

எஞ்சின், போர், ரீபோர் என்று தொடங்கினேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்கு முன்பே தெரியும். ஆகவே பேச்சை விட்டுவிட்டு இருவரையும் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போனேன். அக்காள் புருஷனின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, போலரைசிங் கண்ணாடியைத் திருப்பினேன். மணல் அதில் மங்கலாகத்தான் மின்னும், கூட வந்த மற்றத் தாதுக்கள் பளிச்சென்று மின்னும். ஒவ்வொரு செல்லின் வயிற்றுக்குள்ளும் அந்தப் பொறிகள். கூடத்திலிருந்து திரும்பும் பாதை இதுதான் என்று நினைத்தேன். என் வாழ்நாளின் ஒரே உருப்படியான டிரான்ஸ்லேஷன்.

“இன்னா சார் இது, ஜிகினா தூவுன மாதிரி கீது!” என்றார் மைத்துனர்.

“உங்க மாமா நெஞ்சுக்குள்ள இருந்த மணல்.”

அவர் தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்திருந்தது.

“அதான் மாமா நானும் சொல்றேன்! உன்து மொத்தமும் இங்கதான் கீது. வெளிய எடுத்துட்டாங்க. உனுக்கு இன்னா கேடு இனிமே?”

அதே படத்தைப் பல தேசங்களின் அரங்குகளில் காட்டியிருக்கிறேன். பேராசிரியர்கள் எழுந்து மறுத்திருக்கிறார்கள், பதில் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு வாசிப்பை மட்டும் எந்த அரங்கிலும் கேட்டதில்லை. அவர் பக்கம் சாட்சியே கண்ணாடிக்கடியில் மின்னிக்கொண்டிருந்தது.

மணல்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“டேய் பேமானி! செம்பரம்பாக்கத்துல ஒரு சொம்பு மொண்டாந்து ஊட்ல வெச்சுகினு, ஏரி காலியாயிட்சுன்னு சொல்லுவியாடா?”

சத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மூச்சு போதவில்லை. இருமத் தொடங்கியவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், இருமல் நிற்கவில்லை. மைத்துனரின் சிரிப்பு பாதியில் நின்றது. முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு மெதுவாக வந்து மறுபடி கண்ணாடிக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“உள்ள இன்னும் எவ்ளோ சார் கீது?”

மாமாவின் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினேன். இரு பக்கமும் வெள்ளை மணிகள். அவர் முறுக்கிய மீசையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மணல்காரர் அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது, அவர் உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

“நின்னுட்டான் சார். ஆவடில வேற வேல பாத்துகினான்.”

“அப்பாடா. அப்போ சாண்டு ரூம் காலியா?”

“காலியா எப்டி சார் உடுவாங்க? மக்கா நாளே ஆள் வந்துட்சே.”

“யாரு?”

“யாரோ வெளியூரு” என்றார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், எனக்கு ஆறுதல் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நம்ம ஆளு இல்ல சார்.”